தடிப் புத்தகமா, ஒல்லிப் புத்தகமா

கடை சாத்தும் நேரம் பார்த்து உள்ளே வருகிறவர்களுக்கென்று நரகத்தில் தனி அறை ஒதுக்கியிருக்க வேண்டும். இருக்கிறதா என்று எங்கள் பங்குச் சாமியாரிடம் ஒருமுறை கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார். அவரே அப்படி வருகிறவர்தான்.

வட இத்தாலியில், பொலோஞாவில் பல்கலைக்கழகம் இருக்கும் தெருவில், தூண் வரிசைக்கு அடியில் இருக்கிறது என் புத்தகக்கடை. அது ஜூலை மாதம். நிழல் உண்டு, காற்று கிடையாது. மதியம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வந்து திறப்பது என் வழக்கம். அன்றைக்கும் கல்லாவைப் பூட்டி, கதவில் தொங்கும் பலகையைத் திருப்பி மாட்டப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது.

“சாத்திட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே அந்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

“சாத்திக்கிட்டிருக்கேன்.”

“அப்ப இன்னும் சாத்தல. ஒரே ஒரு புத்தகம்தாங்க. ஊர் சுத்திப் பாக்க ஒரு வழிகாட்டி. அஞ்சு நிமிஷத்துல போயிடுவோம்.”

‘போயிடுவோம்’ என்ற பிறகுதான் பின்னால் பார்த்தேன். பெரிய துணிப்பை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்தபடி அவர் மனைவி நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்த மகன், நல்ல உயரம், கதவிலேயே சாய்ந்துகொண்டான்.

பேச்சிலேயே தெரிந்தது, தெற்கத்திக்காரர்கள், கலாப்ரியா பக்கம். அவர் பெயர் கோசிமோ, குரோத்தோனேயில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். மனைவி அசுந்தா. மகன் சவேரியோ இங்கே சட்டம் படிக்கிறான், நாளைக் காலையில் பேராசிரியர்கள் முன்னால் நின்று பட்டம் வாங்கப் போகிறான். இதில் எதையும் நான் கேட்கவில்லை. வாசலிலிருந்து மேஜைக்கு வருவதற்குள் அவரே சொல்லி முடித்துவிட்டார்.

“என் மச்சான் குடும்பம், தம்பி குடும்பம் எல்லாரும் இன்னிக்குச் சாயந்தரம் ரயில் ஏறுறாங்க. அவங்க வந்து எறங்கிட்டா மூச்சு விட நேரம் இருக்காது. ஊரைப் பாக்கணும்னா இன்னிக்கு விட்டா ஆகாது.”

“மகன் இங்கதானே இருக்கார்? அவரே சுத்திக் காட்டலாமே,” என்றேன். என் வயிறு அப்போதே பேச ஆரம்பித்திருந்தது.

“இவனா? அது என்ன கட்டடம்டான்னு கேட்டா ‘பழைய கட்டடம்பா’ங்கறான். இது என்னடான்னா ‘அதுவும் பழசுதான்’ங்கறான். அஞ்சு வருஷமா இந்த ஊர்த் தண்ணியக் குடிச்சவன் சொல்ற பதிலா இது?”

சவேரியோ ஒரு சிரிப்பு சிரித்தான். அதில் சிரிப்பு இல்லை. தூக்கம் கெட்டவன் முகம் என்று நினைத்துக்கொண்டேன். பட்டத்துக்கு முந்தின நாள் எந்தப் பிள்ளைதான் தூங்கியிருக்கிறது?

ஊர்ச் சுற்றுக் கையேடுகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. நன்றாகப் போகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கோசிமோ நேராக வரைபடத்துக்குப் போனார்.

“இதுல வடக்கு எங்கங்க இருக்கு? பக்கவாட்டுல இருக்கு! வடக்க மேல வைக்கத் தெரியாதவன் எனக்கு எப்படிங்க வழி காட்டுவான்?”

அடுத்ததைக் கொடுத்தேன். சத்தமாகப் படித்தார்.

“‘நீரூற்றைத் தாண்டி இடப்பக்கம் திரும்பவும்.’ தாண்டி எவ்வளவு தூரம்? ஒடிச்சுத் திரும்பணுமா, வளைச்சுத் திரும்பணுமா? என் ஸ்கூல் பசங்க இப்படிச் சொன்னா லைசென்ஸே கிடைக்காது.”

“நடந்துதானே போகப் போறீங்க?” என்றேன்.

“நடந்தாலும் ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல?”

மூன்றாவது புத்தகம் அழகானது, வழவழப்பான தாள். அதை அசுந்தா கையில் வைத்துத் தர்ப்பூசணியைப் பார்ப்பதுபோல எடை பார்த்தாள். அட்டையைத் திருப்பியவள் சட்டென்று மேஜையில் போட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“ஏங்க, பதினேழு!”

பார்த்தேன். ‘பதினேழு நடைகளில் பொலோஞா’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இந்தப் புத்தகம் ஏன் மூன்று வருஷமாக விற்கவில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. பதினேழு என்றாலே துரதிர்ஷ்டம் என்கிற இத்தாலியில் உட்கார்ந்துகொண்டு அதை அட்டையில் போட்டவன் யாரோ, அவனைப் பெற்றவளைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் எழுதி இங்கே மொழிபெயர்த்திருப்பார்கள்.

“நாளைக்குப் புள்ளைக்குப் பட்டம். இன்னிக்குப் போயி இதத் தொட்டுட்டேனே,” என்று அசுந்தா முணுமுணுத்தாள். உடனே பைக்குள் கைவிட்டு எதையோ தொட்டு உறுதி செய்துகொண்டாள். ஈரத்துணியில் சுற்றிய லாரல் இலை வளையம். பட்டம் வாங்கியதும் தலையில் சூட்டுவது. இந்தத் தெருவில் பூக்கடைக்குப் பூக்கடை அது தொங்குகிறது என்று சொன்னேன்.

“கடையில வாங்கறதா? எங்க வீட்டு மரத்து இலைங்க. நானே கட்டினேன்,” என்றாள். வாடிவிடக் கூடாதென்று ரயிலில் வழிநெடுகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாளாம்.

இப்படியே போனது. ஒரு புத்தகத்தை எழுதியவர் வடக்கத்தி மிலான்காரர் என்பதால் கோசிமோவுக்கு வேண்டாம். ஒன்றில் மலைமேல் இருக்கும் மாதா கோயிலை நாலே வரியில் முடித்துவிட்டதால் அசுந்தாவுக்கு வேண்டாம். நடுவில் என் கணவர் எத்தோரே போன் செய்தார்.

“நிவெஸ், தண்ணி கொதிச்சு வத்திப்போச்சு. திரும்ப ஊத்தி வச்சிருக்கேன். பாஸ்தாவப் போடவா, வேணாமா?”

“போடாதீங்க.”

“யாரு, வெளியூர்க்காரங்களா?”

“வெளியூர், வெளிநாடு, வேற கிரகம்,” என்று சொல்லி வைத்துவிட்டேன். கோசிமோவுக்குக் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

கடைசியில் இரண்டு புத்தகங்கள் மிஞ்சின. ஒன்று தடிமன். ஊரின் கல்லுக்கும் கதவுக்கும் கதை சொல்கிறது. இன்னொன்று சட்டைப்பையில் செருகலாம், ஒல்லி, வழி மட்டும் போட்டிருக்கும். கோசிமோவுக்கு ஒல்லி பிடித்தது. அசுந்தாவுக்குத் தடி. இருவரும் அதற்கு வாதாடிய வாதத்தில் நாளைக்குப் பட்டம் வாங்கப் போவது இவர்கள்தானோ என்று தோன்றியது.

“தடியே எடுங்கப்பா. நல்லாதான் இருக்கு,” என்றான் சவேரியோ கதவருகே இருந்து. எப்படியாவது வெளியே போனால் போதும் என்கிற குரல். எனக்கு அவன்மேல் முதன்முதலாகப் பிரியம் வந்தது.

கோசிமோ அரைமனதாகத் தடிப் புத்தகத்தைப் பிரித்தார். “முதல்ல என்ன போட்டிருக்கான்... ரெட்டைக் கோபுரம். ஒண்ணு சாஞ்சிருக்கு, ஒண்ணு நெட்டையா இருக்கு. நெட்டையானதுல படியேறி உச்சிக்குப் போகலாமாம். ஊரே தெரியுமாம். நல்லாயிருக்கே! டேய், இப்பவே போயி ஏறிடுவோமா?”

“சரிப்பா, வாங்க, ஏறலாம்,” என்றான் சவேரியோ.

பில் போடப் போன என் கை நின்றுவிட்டது.

இந்த ஊரில் படிக்கிற எந்தப் பிள்ளையும் பட்டம் வாங்கும்முன் அந்தக் கோபுரத்தில் ஏறாது. ஏறினால் பட்டம் கிடைக்காது. அவ்வளவுதான், இதில் விவாதமே இல்லை. கடவுளை நம்பாதவன், கட்சியை நம்பாதவன், பௌதிகம் படித்து இடி மின்னலுக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவன், எல்லாரையும் என் கடையில் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் அந்தக் கோபுரத்து வாசலை எதிர்ப்பக்கமாகவே கடப்பார்கள். பட்டம் வாங்கின மறுநாள் தலையில் வளையத்தோடு கத்திக்கொண்டு ஓடி ஏறுவார்கள். பட்டத்துக்கு முந்தின நாள் ‘வாங்க ஏறலாம்’ என்று சொல்கிறவன் மாணவன் இல்லை. அவனுக்கு நாளைக்குக் காலையில் எதுவும் கிடையாது.

நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். நான் ஏன் பார்க்கிறேன் என்று ஒரு விநாடி அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் வெளிறிவிட்டது.

விறுவிறுவென்று வந்து தடிப் புத்தகத்தை அப்பா கையிலிருந்து பிடுங்கினான். “இது வேணாம்பா. கனமா இருக்கு. ஒல்லியே போதும்.”

“இப்பத்தானேடா தடி நல்லாயிருக்குன்ன?”

“வெயில்ல யாரு தூக்கிக்கிட்டு அலையறது?”

எனக்கு விளங்கிவிட்டது. தடிப் புத்தகத்தில் கோபுரத்துக்கு அடுத்த பக்கத்தில், கட்டம் கட்டி, மாணவர்கள் ஏறாத கதையைப் போட்டிருக்கிறார்கள். ஒல்லியில் அது இல்லை. பதினேழைத் தொட்டதற்கே கையைத் துடைத்துக்கொண்ட அம்மா அந்தக் கட்டத்தைப் படித்தால் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

“ஏங்க, நீங்களே சொல்லுங்க. எதை எடுக்கறது?” என்று கோசிமோ என்னைக் கேட்டார். களைத்துப்போயிருந்தார். “நீங்க எதைக் குடுத்தாலும் வாங்கிக்கறேன்.”

அரை மணிக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். இப்போது கோபம்தான் வந்தது. யார் வீட்டுப் பிள்ளை, யார் வீட்டுப் பொய், இதை என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்து, அதுவும் சாப்பாட்டு நேரத்தில், நீ தீர்ப்பு சொல் என்றால்? ஒல்லியைக் கொடுத்தால் மூவரும் சிரித்துக்கொண்டே போவார்கள். நாளைக்குக் காலையில் சொந்தபந்தம் எல்லாம் பூச்செண்டோடு வந்து நிற்கும். அதற்குள் இந்தப் பையன் என்ன செய்வான்? இப்படிப் பொய் சொல்லிக்கொண்டே பட்டத்து நாள்வரை வந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி எப்போதாவது பத்திரிகையில் செய்தி வரும். அந்தச் செய்திகள் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். இவன் ஏறலாம் என்று சொன்னதோ கோபுரத்தில்.

இரண்டு புத்தகங்களையும் அவன் முன்னால் தள்ளினேன்.

“தம்பி, இந்த ஊர்ல இருக்கறவன் நீ. உங்கப்பா அம்மாவுக்கு எது வேணும்னு நீயே எடுத்துக் குடு.”

தடியைத் தொட்டான். பிறகு ஒல்லியை எடுத்து அப்பாவிடம் கொடுத்தான். என்னைப் பார்க்கவே இல்லை.

“அப்பாடா,” என்று கோசிமோ பர்ஸை எடுத்தார்.

“அது விக்கறதுக்கு இல்ல,” என்றேன்.

“என்னது?”

“விக்கறதுக்கு இல்லன்னு சொன்னேன்.”

“கடையில, அலமாரியில, விலை ஒட்டி வச்ச புத்தகம் விக்கறதுக்கு இல்லையா? இவ்வளவு நேரம் எங்களோட விளையாடிக்கிட்டிருந்தீங்களா?” அவர் குரல் தெரு முனை வரைக்கும் போயிருக்கும்.

“அதுல ஒரு பக்கம் இல்லைங்க. குறைப் புத்தகத்த நான் எப்படி விக்கறது?”

“எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் அசுந்தா.

அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மேஜைமேல் இருந்த தடிப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சவேரியோ அதை எடுத்தான். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. பிரித்து அப்பாவிடம் நீட்டினான்.

“இதுப்பா. படிங்க.”

கோசிமோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, கட்டத்துக்குள் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“நல்லவேளை! ஏறித் தொலைச்சிருப்போம்! ஏண்டா, இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? ஏங்க, இதுக்குத்தான் விக்க மாட்டேன்னீங்களா? நீங்க தெய்வம்ங்க! சரி, நாளைக்கு மறுநாள் எல்லாருமாப் போயி ஏறுவோம். உன் மாமனுக்கு முட்டி வலிக்கும், கீழயே நிக்கட்டும்.”

எனக்கு மேஜையில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுத்துக்கு எழுத்து படிக்கிறார், மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் அசுந்தா சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் மகனைப் பார்த்தாள்.

“நீ ஏண்டா சரின்ன?”

“என்னம்மா?”

“அப்பா ஏறலாம்னு கேட்டப்ப நீ ஏன் சரின்ன?”

“மறந்துட்டேம்மா.”

“படிக்கற புள்ளைக்கு இது மறக்குமா?”

கோசிமோவின் சிரிப்பு மெதுவாக அடங்கியது.

“எத்தனை நாளா?” என்றாள் அசுந்தா.

“ரெண்டு வருஷமாச்சும்மா,” என்றான். “ஒரு பரீட்சை போச்சு. பாஸுன்னு சொன்னேன். அடுத்தது போச்சு. அதையும் பாஸுன்னு சொன்னேன். அப்புறம் போறதையே விட்டுட்டேன். நீங்க ஒவ்வொரு தடவையும் எத்தனை மார்க்குன்னு கேட்டு...”

“அப்ப நீ எங்கடா சாப்பிட்டுக்கிட்டிருந்த?”

இதைத்தான் அவள் முதலில் கேட்டாள். மாணவர் சாப்பாட்டுக்கூடம் இவனுக்கு இல்லையே என்ற கணக்கு அவள் தலைக்குள் ஓடியிருக்கிறது. பார்சல் பிரிக்கும் கிடங்கில் வேலை பார்ப்பதாகவும், அங்கேயே ஏதாவது சாப்பிடுவதாகவும் சொன்னான்.

கோசிமோ அப்போதுதான் வெடித்தார். “கார் ஓட்டக் கத்துக்க வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லியிருக்கேன்டா! என் மகன் வக்கீலு, என் மகன் வக்கீலுன்னு! ஸ்டியரிங்க பிடிக்கத் தெரியாத பயலுக்கெல்லாம் உன் மார்க்கு தெரியும்டா! எதுக்குடா இப்படிப் பண்ணின? நாளைக்குக் காலைல என்ன பண்றதா இருந்த? எங்கள எந்த வாசல்ல கொண்டுபோயி நிறுத்தறதா இருந்த?”

சவேரியோ தரையைப் பார்த்தான். அசுந்தா பையைக் கீழே வைத்துவிட்டு மகன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவள் விரல்கள் வெளுத்துப்போயின. அவளும் அந்தச் செய்திகளைப் படித்திருக்கிறாள்.

“கத்தினது போதும்,” என்றாள் கணவரிடம். “உசிரோட நிக்கறான்ல? போதும்.”

கோசிமோ நான் புத்தகம் எடுக்க ஏறும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று எழுந்தார்.

“மச்சான் ரயில் ஏறிடுவான். அதுக்குள்ள சொல்லணும்.”

போனை எடுத்துக்கொண்டு வெளியே தூணோரம் போனார். கதவு திறந்தே இருந்தது. அவர் மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர்.

“மச்சான், டிக்கெட்ட ரத்து பண்ணிடுங்க... இல்ல இல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். தேதிய மாத்திட்டாங்களாம்... ஆமா, பல்கலைக்கழகத்துல. யாரோ புரபசருக்கு உடம்பு சரியில்லையாம்... செப்டம்பர்னு சொல்றாங்க. புள்ள ரொம்ப வருத்தத்துல இருக்கான். பாவம், விழுந்து விழுந்து படிச்சான்...”

அசுந்தா கண்ணை மூடி மூச்சு விட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. நல்ல பொய். செப்டம்பர் வரைக்கும் தாங்கும்.

சவேரியோ மட்டும் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை அழுத்தி வைத்துக்கொண்டு, இல்லாத புரபசருக்கு இல்லாத நோவைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன நோவு என்று மச்சான் கேட்டிருக்க வேண்டும், திணறினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள்.

சவேரியோ அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு வெளியே போனான்.

“குடுங்கப்பா.”

“பேசாம உள்ள போ.”

“குடுங்கப்பா.”

போனை அவனே வாங்கிக்கொண்டான். “மாமா, நான் சவேரியோ. தேதி எதுவும் மாத்தல. அப்பா எனக்காகச் சொல்றார். நான் ரெண்டு வருஷமாப் படிக்கவே இல்ல மாமா.”

அந்தப் பக்கம் மாமா கத்திய கத்தல் கடைக்குள் இருந்த எங்களுக்கே கேட்டது. கோசிமோ போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். சவேரியோ கொடுக்கவில்லை. காதிலிருந்து எடுக்காமல், “ஆமா மாமா, ஆமா மாமா,” என்று சொல்லிக்கொண்டே நின்றான்.